கோபோ டூல்பாக்ஸ்: சிக்னல் இல்லாத ஊரில் சர்வே எடுக்க ஏற்றதா?

புராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் வேலூர்க் கல்லூரிகளின் வாட்ஸ்ஆப் குரூப்களில் கூகுள் ஃபார்ம் லிங்க்குகள் கொட்டத் தொடங்கிவிடும். 'ரெண்டே நிமிஷம், ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க.' நிரப்புவது யார்? கூடப் படிப்பவர்கள், அவர்களுடைய அண்ணன் தம்பி, மனசு இளகிய ஒரு சித்தப்பா. அதைக் கூட்டிக் கழித்து 'வேலூர் மாவட்ட மக்களின் கருத்து' என்று தலைப்பும் போட்டுவிடுகிறார்கள். கூகுள் ஃபார்ம் மேல் குற்றமில்லை. கையில் முழுப் பட்டியல் இருக்கிற கூட்டத்துக்கு, அதாவது ஒரு டிபார்ட்மென்ட்டின் இறுதியாண்டு மாணவர்கள், ஓர் அலுவலகத்தின் ஊழியர்கள் போன்றவர்களுக்கு, அதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டிய வேலைக்கு அது ஆகாது. இன்டர்நெட் இல்லாவிட்டால் படுத்துவிடும். லிங்க் போய்ச் சேராத வீடுகளின் கருத்தும் வராது. அந்த வேலைக்கென்றே இருக்கும் கோபோ டூல்பாக்ஸ் எதில் தேறுகிறது, எதில் கைவிடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதாபிமானப் பணிகளுக்கான ஆய்வுப் பிரிவில் பிறந்து, இப்போது தனி லாப நோக்கற்ற அமைப்பாக நடப்பது கோபோ. பேரிடர்ப் பகுதிகளில் தகவல் திரட்ட உருவானது என்பதால் நெட் இல்லாமலே ஓடுவது இதன் அடிப்படைக் குணம். இரண்டு பாகம். ஃபார்மைக் கட்டவும் தரவைப் பார்க்கவும் கம்ப்யூட்டரில் ஒரு வெப்சைட். களத்தில் நிரப்ப 'கோபோகலெக்ட்' என்ற ஆண்ட்ராய்டு ஆப். ஐபோன் வைத்திருப்பவருக்கு ஆப் கிடையாது. அவர் பிரவுசரில் வெப் ஃபார்மைத் திறக்கலாம். ஒருமுறை முழுசாக லோடு ஆகிவிட்டால் அதுவும் நெட் இல்லாமல் வேலை செய்யும். இலவசக் கணக்கில் மாதத்துக்கு இத்தனை படிவம், இத்தனை ஸ்டோரேஜ் என்று வரம்பு உண்டு, அது அவ்வப்போது மாறுகிறது. நானூறு வீட்டுச் சர்வேக்கு வரம்பு இடிக்காது. ஒவ்வொரு வீட்டிலும் போட்டோவும் ஆடியோவும் எடுப்பதாக இருந்தால் மட்டும், தொடங்கும் முன் கணக்கின் செட்டிங்ஸில் யூசேஜ் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பிட வசதியாக ஒரே ஒரு சர்வேயை எடுத்துக்கொள்வோம்: அணைக்கட்டு தாலுகாவில் குடிநீர் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள்? காவிரி கூட்டுக் குடிநீர், ஊர் போர், கேன் தண்ணீர், லாரி என்று ஒரே வீட்டில் மூன்று வகை இருக்கும். மலைமேல் பீஞ்சமந்தைப் பக்கம் போனால் கதை வேறு. சிக்னலும் வந்து வந்து போகும். கோபோவைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான களம் இல்லை.

ஃபார்ம் கட்டும் வேலை

கணக்குத் தொடங்கி, புது புராஜெக்ட் திறந்து, ஒவ்வொரு கேள்வியாகச் சேர்க்க வேண்டும். முப்பது கேள்வி என்றால் ஒரு மதியம் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு செட்டிங்ஸ் பொத்தான் இருக்கிறது. கோபோவின் உயிர் அங்கேதான். கட்டாயக் கேள்வியா, எந்தப் பதில் வந்தால் இந்தக் கேள்வியைக் காட்ட வேண்டும், எந்த எண்ணுக்குள் பதில் இருக்க வேண்டும், மூன்றையும் அங்கே கட்டலாம். 'கேன் தண்ணீர்' என்று டிக் செய்த வீட்டில் மட்டும் 'வாரத்துக்கு எத்தனை கேன், ஒரு கேன் என்ன விலை' என்று வரும். மற்ற வீட்டில் வரவே வராது. பேப்பர் படிவத்தில் 'ஆம் எனில் கேள்வி 14க்குச் செல்க' என்று எழுதியிருந்தாலும் பாதிப்பேர் தவறவிடுவார்கள். இங்கே தவற வழியில்லை.

எண் வரம்பு கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'வீட்டில் எத்தனை பேர்' என்பதற்கு 1 முதல் 10 வரை என்று இறுக்கினால், பதினான்கு பேர் இருக்கும் கூட்டுக் குடும்பத்தில் சர்வே எடுப்பவர் மாட்டிக்கொள்வார். அவர் உங்களுக்கு போன் போடமாட்டார். 10 என்று போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். தரவில் அது சுத்தமான எண்ணாகத்தான் தெரியும், கண்டுபிடிக்கவே முடியாது. வரம்பைத் தாராளமாக வையுங்கள். எல்லாக் கேள்வியையும் கட்டாயமாக்கினாலும் இதே கதிதான். பதில் கிடைக்காத இடத்தில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு நகர்வார்கள். கட்டாயமாக்குகிற ஒவ்வொரு கேள்விக்கும் 'தெரியாது', 'சொல்ல விருப்பமில்லை' இரண்டும் இருக்க வேண்டும்.

சம்மதம் கேட்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். மற்ற எல்லாக் கேள்விகளையும் ஒரு குரூப்பில் போட்டு, 'சம்மதம்: ஆம்' என்றால்தான் அந்த குரூப் திறக்கும்படி கட்டிவிடுங்கள். ஆடியோ பதிவு செய்வதானால் அதற்குத் தனிச் சம்மதம். ஆதார் எண்ணை எதற்காகவும் கேட்காதீர்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் புராஜெக்ட் ஃபார்ம்களில் ஆதாருக்கு ஒரு கட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ் விஷயத்தில் கோபோ நன்றாகவே நடந்துகொள்கிறது. கேள்வி, விருப்பங்கள், குறிப்பு எல்லாம் தமிழில் இடலாம். அதே ஃபார்மில் இன்னொரு மொழியையும் சேர்த்து, ஆப்பில் மாற்றி மாற்றிக் காட்டலாம். பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் உருது, குடியாத்தம் தாண்டி ஆந்திர எல்லையோரம் தெலுங்கு, சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் தங்கியிருப்பவர்களிடம் என்றால் வங்காளமும் இந்தியும். ஆனால் திரையில் மொழி மாறினால் போதாது, கேட்பவருக்கும் அந்த மொழி வாயில் வர வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் தரவுப் பட்டியலுக்கென்று ஒரு உள்பெயர் இருக்கும். தானாக உருவாகும் பெயரை விட்டுவிடாமல், இடைவெளி இல்லாத சின்ன ஆங்கிலப் பெயராக நீங்களே வையுங்கள். பின்னால் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருளில் ஏற்றும்போது இந்தப் பத்து நிமிட வேலையின் அருமை தெரியும்.

ஃபார்ம் பிடித்துத் தராத தப்பு

எவ்வளவு கட்டினாலும் தப்பான கேள்வியைக் கோபோ தடுக்காது. 'உங்கள் ஊரில் குடிநீர்ப் பிரச்சினை அதிகமாக இருக்கிறதா?' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். கையில் போனோடு வந்து கேட்பவரைப் பஞ்சாயத்திலிருந்தோ கலெக்டர் ஆபீசிலிருந்தோ வந்தவர் என்று நினைத்து, சொன்னால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கையில் சொல்வது அது. அதற்குப் பதில் இப்படி உடையுங்கள்: 'கடைசியாகக் குழாயில் தண்ணி எப்ப வந்தது?' 'அன்னிக்கு எத்தனை குடம் பிடிச்சீங்க?' 'அந்தக் குடத்தைக் கொஞ்சம் காட்டுறீங்களா?' கடைசிக் கேள்வி வேடிக்கைக்கு அல்ல. குடத்தின் அளவு வீட்டுக்கு வீடு மாறும். ஒரு போட்டோவோ, சின்னது, நடுத்தரம், பெரியது என்ற டிக்கோ இருந்தால்தான் பின்னால் லிட்டர் கணக்குக்கு வர முடியும். கேன் என்றால் 20 லிட்டர் என்று தெளிவாக இருக்கிறது, குடத்துக்கு அந்தத் தெளிவு இல்லை.

'தண்ணீரின் தரமும் வரத்தும் திருப்தியா?' என்பது இரண்டு கேள்வி. தண்ணீர் தினமும் வரும், உப்புக் கரிக்கும். அந்த வீட்டுக்காரர் இதற்கு என்ன சொல்வார்? பிரித்துக் கேளுங்கள். 'முழுமையாக உடன்படுகிறேன்' முதல் 'முழுமையாக மறுக்கிறேன்' வரையிலான ஐந்துபடி அளவுகோலைப் பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே தூக்கி ஃபார்மில் போட்டால், வாசித்துக் காட்டும்போது கேட்பவர் முகத்திலேயே தெரிந்துவிடும். ஐந்து முகப் படம் அச்சிட்ட ஓர் அட்டையை நீட்டி, விரல் வைக்கச் சொல்வது நல்லது. நல்லவிதமாகவே எழுதிய பத்து வாக்கியத்தைத் தொடர்ந்து வாசித்தால் பெரியவர்கள் மரியாதைக்காகவே எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள். நடுவில் சிலவற்றை எதிர்மறையாக எழுதி, இரண்டுக்கும் ஒரே பதில் வருகிறதா என்று பாருங்கள்.

வருமானத்தைக் கடைசியில், தொகை கேட்காமல் வரம்புகளாகக் கேட்கலாம். மொத்தம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் அடுப்பில் குழம்பு வைத்திருப்பவர் எழுந்து போய்விடுவார். இதற்கெல்லாம் முதலில் பேப்பரில்தான் எழுத வேண்டும். சர்வேயில் வராத ஊரில் பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டுப் பார்த்து, எங்கே திரும்பக் கேட்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்து, அப்புறம் கோபோவில் ஏற்றுங்கள். நேராக ஃபார்மில் உட்கார்ந்து கேள்வி யோசிக்கிறவர்கள், வசதி இருக்கிறதே என்று ஐம்பது கேள்வி சேர்த்துவிடுகிறார்கள்.

களத்தில்

ஆப்பைத் திறந்து சர்வர் முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து, ஃபார்மை இறக்கிக்கொள்ள வேண்டும். இதை வேலூரில் வைஃபை இருக்கும்போதே முடித்து, ஒரு பொய்ப் பதிவு போட்டு அனுப்பிப் பார்த்து, அதை அழித்துவிட்டுத்தான் ஒடுகத்தூர் பஸ் ஏற வேண்டும். மலைமேல் போய் 'ஃபார்ம் வரலை' என்றால் அன்றைய நாள் போச்சு. நிரப்பியவை போனிலேயே இருக்கும், சிக்னல் கிடைத்ததும் போய்ச் சேரும். தானாக அனுப்பும் வசதியை வைஃபைக்கு மட்டும் என்று வைப்பதா, மொபைல் டேட்டாவுக்கும் சேர்த்தா என்பதை டேட்டா பேக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். போட்டோ கேள்வி இருந்தால் பட அளவை 1024 பிக்சலுக்குக் குறைத்துவிடலாம். குடம் தெரிய அது போதும்.

கோபோவின் மோசமான பலவீனம் இங்கே இருக்கிறது. அனுப்பாத பதிவுகள் போனில் இருக்கும்போது ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலோ, ஆப் டேட்டாவைக் கிளியர் செய்தாலோ, அவ்வளவும் போய்விடும். மீட்க வழி கிடையாது. 'போன் ஸ்லோவா இருக்கு' என்று மெமரி சுத்தம் செய்யும் பழக்கம் உள்ளவர்களிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தினமும் இரவு, எத்தனை எடுத்தேன், எத்தனை அனுப்பினேன் என்று நோட்டில் எழுதி, வெப்சைட்டில் தெரியும் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது ஒன்றுதான் பாதுகாப்பு.

ஜிபிஎஸ் வீட்டுக்குள் தடுமாறும். வாசலில் வெட்டவெளியில் நின்று, துல்லியம் ஐந்து பத்து மீட்டருக்குள் வரும்வரை பொறுத்துப் பதியுங்கள். வேலூர் வெயிலில் திரை தெரியாது, போன் சூடேறி மங்கிவிடும். சித்திரை, வைகாசியில் காலை ஏழிலிருந்து பத்து, மாலை நான்கரைக்கு மேல் என்று வைத்துக்கொண்டால் போனுக்கும் ஆளுக்கும் நல்லது. பவர் பேங்க் கட்டாயம்.

நேரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பகலில் போனால் வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்கள் மட்டும். நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் மதியத்துக்கு மேல் வருவார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் கம்பெனி பஸ்ஸில் திரும்ப இருட்டிவிடும். ஞாயிறுதான் அவர்களைப் பிடிக்க வழி. பூட்டிய வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைப் பிடித்தால், வேலைக்குப் போகிற குடும்பம் எல்லாம் கணக்கிலிருந்து நழுவிவிடும். வேறு வேறு நேரத்தில் இன்னும் இரண்டு முறை போன பிறகே அந்த வீட்டை விட வேண்டும்.

ஏமாற்று வேலையைப் பிடிப்பதில் கோபோவுக்கு முழு மார்க். ஒவ்வொரு பதிவிலும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் தானாகப் பதிவாகிறது. இருபது நிமிடச் சர்வே நான்கு நிமிடத்தில் முடிந்திருந்தால் கூப்பிட்டு விசாரியுங்கள். முப்பது வீட்டின் ஜிபிஎஸ் புள்ளியும் ஒரே டீக்கடை வாசலில் குவிந்திருந்தால் விசாரிக்கக்கூட வேண்டாம். ஆனால் பாதியில் சேவ் செய்து மாலையில் முடித்த நேர்மையான பதிவும் மூன்று மணி நேரம் என்று காட்டும், அதை வைத்து யாரையும் திட்டிவிடாதீர்கள். போனில் தேதி, நேரம் தப்பாக இருந்தால் இந்தக் கணக்கு முழுக்கத் தப்பு. பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொருவர் திரும்பப் போய் மூன்று நான்கு கேள்வியை மட்டும் மறுபடி கேட்பது இன்னும் நம்பகமானது.

சர்வே நடந்துகொண்டிருக்கும்போது ஃபார்மை மாற்றுவது கெட்ட பழக்கம். ஒரு கேள்வியின் உள்பெயரை மாற்றி மறுபடி வெளியிட்டால், பழைய பதில் ஒரு பத்தியிலும் (அட்டவணையின் நெடுவரிசை) புதிய பதில் இன்னொரு பத்தியிலுமாகத் தரவு பிளந்துவிடும். எழுத்துப்பிழை திருத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாப் போனிலும் புதுப் பதிப்பு இறங்கிவிட்டதா என்றும் பாருங்கள்.

யாரைக் கேட்பது

இதில் கோபோ ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாது, ஆனால் சர்வே வெல்வதும் தோற்பதும் இங்கேதான். 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகளைத் திரும்பப் பெற்றும், லாண்டன் ஜெயிப்பார் என்று சொல்லித் தோற்றது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். போன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களை வைத்து அனுப்பியதும், ஆர்வம் இருந்தவர்கள் மட்டும் திருப்பி அனுப்பியதும் சேர்ந்து கவிழ்த்தன. வாட்ஸ்ஆப் லிங்க்கில் ஆயிரம் பேர் நிரப்பினாலும் அதே கதைதான்.

எத்தனை பேர் என்பதற்கு வழக்கமான கணக்கு: 95 சதவீத நம்பகம், ஐந்து சதவீதப் பிழை (இதே சர்வேயை நூறு முறை எடுத்தால் சுமார் 95 முறை, வரும் விடை உண்மையிலிருந்து ஐந்து புள்ளிக்கு மேல் விலகாது) என்றால் 384. பத்து சதவீதம் பேர் மறுப்பார்கள் என்று வைத்தால் 427 பேரை அணுக வேண்டும். மொத்தமே 2,000 வீடு உள்ள பகுதி என்றால் 323 போதும். நூறு பேரோடு நிறுத்தினால் பிழை கிட்டத்தட்ட பத்து சதவீதம். '52 சதவீதம் பேர் திருப்தி' என்று அதை வைத்து எழுதினால் அது 42ஆகவும் இருக்கலாம், 62ஆகவும் இருக்கலாம். சில ஊர்களைப் பொறுக்கி, ஊருக்கு இத்தனை வீடு என்று எடுக்கும்போது பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பதில்கள் ஒரே மாதிரி வரும், குடிநீர் விஷயத்தில் கண்டிப்பாக வரும், ஏனென்றால் ஒரே டேங்க். அதற்காக 384ஐ இரட்டிப்பாக்கி 768 என்று எடுப்பது வழக்கம்.

பட்டியல் எங்கே கிடைக்கும்? 2011 மக்கள்தொகைக் கணக்கை எடுத்தால் அதில் இருப்பது பழைய வேலூர் மாவட்டம், சுமார் 39 லட்சம் பேர். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துவிட்டன. அந்த 39 லட்சத்தை இன்றைய வேலூருக்குப் போட்டுக் கணக்கெடுத்த ரிப்போர்ட்டுகள் இன்னும் சுற்றுகின்றன. வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம், பேர்ணாம்பட்டு ஆகிய ஆறு தாலுகாவுக்கு உட்பட்ட கிராமங்களை மட்டும் பொறுக்கி நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும். ஊருக்குள் என்றால் அங்கன்வாடியின் குடும்பப் பதிவேடு நல்ல தொடக்கம். 600 வீட்டில் 30 வேண்டுமென்றால் இருபதுக்கு ஒன்று. முதல் வீட்டை 1 முதல் 20க்குள் சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஊர், காலனி, நிலத்தில் தள்ளிக் கட்டிய வீடுகள் எல்லாம் பட்டியலில் இருக்கிறதா என்று நடந்து பார்த்து உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் மெயின் ரோட்டு வீடுகளே முக்கால்வாசி வரும்.

வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதில் மட்டும் கோபோ கைகொடுக்கும். பெரியவர்கள் எத்தனை பேர் என்று பதிந்தால், அதிலிருந்து ஒரு எண்ணைக் குலுக்கித் தரும்படி கணக்கீட்டுக் கேள்வி ஒன்று வைக்கலாம். ஒருமுறை மட்டும் குலுக்கு என்று கட்ட மறந்தால் எண் மாறிக்கொண்டே இருக்கும். சர்வே எடுப்பவர் தனக்கு வசதியான ஆள் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் கோபோவை மூடி வைத்துவிட்டு ஆறேழு பேரை உட்கார வைத்துப் பேச வேண்டும், ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாக. காலனிக்காரர்கள் நுழையத் தயங்குகிற இடத்தில் கூட்டம் போட்டுவிட்டு 'அவங்க வரலை' என்று எழுதாதீர்கள். மகளிர் குழுவை அப்படியே கூட்டுவது சுலபம், ஆனால் தலைவி பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இரண்டு மூன்று குழுவிலிருந்து கலந்து எடுப்பது மேல். ஒரு மணி நேர ஆடியோவை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் பிடிக்கும் என்று இப்போதே நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

தரவை இறக்கும்போது

எக்செல், சி.எஸ்.வி. (வெறும் எழுத்தாகச் சேமித்த அட்டவணைக் கோப்பு) இரண்டிலும் தரவு வரும். சி.எஸ்.வி.யை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால் தமிழ் எல்லாம் குப்பை எழுத்தாகத் தெரியலாம். கோப்பு கெடவில்லை. எக்செல்லின் டேட்டா மெனு வழியாக, யூ.டி.எஃப்.-8 (தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டும் குறியீட்டு முறை) என்று தேர்ந்து உள்ளே இழுங்கள், அல்லது எக்செல் வடிவத்திலேயே இறக்குங்கள். பல பதில் டிக் செய்யும் கேள்விக்கு, ஒவ்வொரு விருப்பத்துக்கும் 0, 1 என்று தனித்தனிப் பத்தி வரும். எண்ண அதுதான் வசதி. பெயர், போன் நம்பர், ஜிபிஎஸ் மூன்றையும் தனிக் கோப்பில் பிரித்துப் பூட்டிவிட்டு, மீதியை மட்டும் டீமுக்கும் கைடுக்கும் அனுப்புங்கள். கிராமத்தில் ஜிபிஎஸ் புள்ளி ஒன்றே போதும், எந்த வீடு பஞ்சாயத்துத் தலைவரைக் குறை சொன்னது என்று தெரிந்துவிடும்.